தட்டில் எழுதிய கணக்கு: கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுன்ஸின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டு அடித்தளத்தில் கூடிக் கத்துகிற நண்பர்களுக்கும், கிளீவ்லேண்டைச் சுற்றி வேறு அடித்தளங்களில் இதேபோலத் தொண்டை வற்றுகிற மற்றத் தமிழ் ரசிகர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு தட்டுகளை அள்ளிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காகிதத் தட்டில் ஏதோ எழுதியிருந்தது. வடை எண்ணெய் ஊறிய ஓரத்தை விட்டுவிட்டு, நடுவில் நீல மையில் ஒரு கூட்டல்: 1600, கீழே 740, ஒரு கோடு, 2340. பக்கத்தில் 3000 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம். வட்டத்துக்கு வெளியே 660, இரண்டு கேள்விக்குறிகள். எழுதியவர் யார் என்று கையெழுத்தே சொல்லிவிட்டது. நான் சொல்லப்போவதில்லை.

பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் அலுவலகத்தில் உருவான விலைப்பட்டியல் அது. ட்ராஃப்டில், அதாவது லீக் அணிகள் ஆண்டுதோறும் வரிசை முறையில் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் இடத்துக்கு 3000 புள்ளி. கீழே போகப் போக விலை இறங்கும்; அணிகள் இடங்களை மாற்றிக்கொள்ளும்போது இதை வைத்துப் பேரம் பேசலாம். இந்த 2026 ஏப்ரலில் நம் கையில் ஆறாவது இடமும், ஜாக்சன்வில் அணியிடமிருந்து வாங்கிய இருபத்துநான்காவது இடமும் இருக்கின்றன. இரண்டையும் கொடுத்தாலும் முதல் இடத்துக்கு 660 குறைகிறது. அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வந்துவிடுவான் என்பதுதான் அந்தக் கேள்விக்குறிகளின் பொருள். அன்று மாலை நம்மில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னீர்கள்.

அந்தத் தட்டுக்குத்தான் இந்தப் பதில். உங்களைக் குறை சொல்வதற்கு முன் என் பழைய பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022 மார்ச் மாதம். குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக ஹூஸ்டனுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் அவற்றோடு இன்னும் மூன்று தேர்வுகளையும் கொடுத்தோம். ஐந்து ஆண்டுக்கு 23 கோடி டாலர், ஒரு டாலர்கூடக் குறையாத உத்தரவாதத்தோடு. "மூன்றா? சல்லிசு!" என்று அந்த அறையில் முதலில் கத்தியவன் நான். அப்போதே இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகாரோடு உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார்; குற்றவியல் வழக்குப் பதிவாகவில்லை; பிறகு லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. இதெல்லாம் நமக்குத் தெரியாமல் நடந்ததல்ல. நான் கத்திய அந்த நேரத்தில் என் மனைவி கையிலிருந்த காப்பியைக் குடிக்காமலே மேலே எழுந்து போனார். அன்று போனவர் இன்றுவரை ஞாயிறு ஆட்டத்துக்குக் கீழே இறங்கி வருவதில்லை. வாட்சன் நமக்காக மூன்று சீசனில் ஆடியது 19 ஆட்டம். நிர்வாகம்தான் கையெழுத்துப் போட்டது, மறுக்கவில்லை. ஆனால் "ஒருவன் வந்தால் போதும்" என்று இருபது ஆண்டுகளாக அவர்கள் காதில் ஓதிக்கொண்டிருந்தவர்கள் யார்?

சரி, 2007-க்குப் போவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு நமக்கு மூன்றாவது இடம். நம்மில் பலருக்கு வேண்டியிருந்தவர் பிரேடி குவின்: ஒஹாயோ பையன், சின்ன வயதிலிருந்து பிரவுன்ஸ் ரசிகர், நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், பார்க்கவும் கதாநாயகன் மாதிரி. நிர்வாகம் எடுத்தது ஜோ தாமஸ் என்ற லெஃப்ட் டாக்கிளை. குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம் பாய்ந்து வருகிறவனை மறித்து நிற்பதுதான் அந்த ஆளின் வேலை. பந்து அவர் கையில் படவே படாது. தாமஸ் நியூயார்க் மேடைக்கே போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். குவின் நியூயார்க்கில் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட, கேமரா அவர் முகத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது. மணிக்கணக்காக அந்தப் பையனின் முகம் வாடுவதை நாடே பார்த்தது. கடைசியில் நம் ஆட்களுக்கே மனம் இளகியது போலும். அடுத்த ஆண்டின் முதல் சுற்றை டல்லஸுக்குக் கொடுத்து, இருபத்திரண்டாவது இடத்துக்கு ஏறி அவரையும் எடுத்தார்கள். நாம் குதித்தது இதற்குத்தான். மீன் பிடித்தவருக்காக யாரும் குதித்ததாக எனக்கு நினைவில்லை.

குவின் நமக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 12 முறை. தாமஸ் 2007-இலிருந்து 2017-இல் கைத்தசை கிழியும் வரை இடைவிடாமல் 10,363 முறை களத்தில் குனிந்து நின்றார். பயிற்சியாளர்கள் மாறினார்கள், குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள், அவர் ஒரு முறைகூட நகரவில்லை. அத்தனைக்கும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. 2023-இல் கேன்டனில் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது நாமெல்லாம் கண்ணீர் விட்டோம். பதினாறு ஆண்டு தாமதமான கண்ணீர்.

ஒரு முறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 2014-இல் மறுபடியும் அதே இருபத்திரண்டாவது இடத்துக்கு ஏறி ஜானி மான்சியல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தோம். எட்டு முறை தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார், இரண்டு வெற்றி, இரண்டே ஆண்டில் வெளியே. அடுத்த நாள் முப்பத்தைந்தாவதாக யாரும் கவனிக்காமல் வந்தவர் ஜோயல் பிட்டோனியோ, தாமஸுக்குப் பக்கத்தில் நின்று மறிக்கும் கார்டு. அவர் பன்னிரண்டு சீசன் இந்தச் செம்மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. (2012-இல் 28 வயது குவார்ட்டர்பேக் பிராண்டன் வீடனையும் இருபத்திரண்டாவதாகத்தான் எடுத்தோம். அந்த எண்ணுக்குப் பரிகாரம் ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள்.)

மேலே ஏறுவது முட்டாள்தனம், கீழே இறங்கி நிறையத் தேர்வுகளை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று உடனே எதிர்க்கட்சி கிளம்பும். அதற்கும் நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது. 2011-இல் ஆறாவது இடத்தை அட்லாண்டாவுக்குக் கொடுத்து ஐந்து தேர்வுகள் வாங்கினோம். அவர்கள் பின்னாளில் நட்சத்திரமான ஜூலியோ ஜோன்ஸை எடுத்தார்கள். நம் ஐந்தில் ஒன்றுதான் அந்த வீடன். மற்ற நான்கின் கதையைக் கேட்காதீர்கள்.

போன ஆண்டு ட்ராஃப்ட் இரவு என் மாமனார் இங்கே இருந்தார். கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்காக ஊரிலிருந்து வந்தவர். 1978-இலிருந்து இந்த ஊரில் ஏப்ரல் மாதம் என்றால் ஒரு பக்கம் பஞ்சரத்னம், இன்னொரு பக்கம் நம் ஒப்பாரி. என்ன நடக்கிறது என்று கேட்டார். 32 அணி, ஏழு சுற்று, போன ஆண்டு கடைசியில் வந்தவனுக்கு முதல் தேர்வு, ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது, எந்த இடத்தில் எடுக்கிறார்களோ அதை வைத்தே சம்பளம் என்று விளக்கினேன். "தோற்றவனுக்கு முதல் பந்தியா? அப்படியும் உங்கள் ஆட்கள் பசியோடுதான் எழுந்திருக்கிறார்கள்" என்றார். யாருமே சிரிக்கவில்லை.

அன்று இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்தபோது இந்த அறையில் எழுந்த ஓலம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். ஐந்தாவதாக மேசன் கிரஹாம் வந்தார். மறுநாள் முப்பத்துமூன்றாவதாகக் கார்சன் ஷ்வெசிங்கர். உதவித்தொகைகூட இல்லாமல் யு.சி.எல்.ஏ. அணியில் நுழைந்த பையன். அவர் பெயரை உச்சரிக்கக்கூட நமக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. மூன்று நாளும் நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸை எடுப்பார்களா? தொண்ணூற்றுநான்காவதாக டில்லன் கேப்ரியல் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை அழைத்ததும் ஒருவர் செருப்பைத் தூக்கித் தொலைக்காட்சியை நோக்கி வீசினார். நூற்றுநாற்பத்துநான்காவதாக சாண்டர்ஸ் வந்ததும் அதே செருப்பை மாட்டிக்கொண்டு ஆடினார். சீசன் தொடங்கியது. ஃபிளாக்கோ, கேப்ரியல், சாண்டர்ஸ் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகளும் இறங்கினார்கள். ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. இரண்டு முறை சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய ஸ்டெஃபான்ஸ்கி வேலை போய் வீட்டுக்குப் போனார். மைல்ஸ் காரெட் 23 சாக் எடுத்து, அதாவது எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தை வீசும் முன் வீழ்த்தி, லீக் சாதனையை உடைத்தார்; தோற்ற அணியில் நின்றுகொண்டு. ஆண்டு முடிவில் அணியிலேயே பந்தோடு ஓடுகிறவர்களை அதிகம் மடக்கி வீழ்த்தியவர், நாம் பெயர் தெரிந்துகொள்ளாத அந்தப் பையன்.

குவார்ட்டர்பேக் இல்லாமல் எவன் ஜெயித்தான் என்பீர்கள். நியாயம்தான். கான்சாஸ் சிட்டி 2017-இல் இருபத்தேழிலிருந்து பத்துக்கு ஏறி, அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் கொடுத்துத்தான் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை வாங்கியது. ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்த அணிக்கு அவர் போனார். முதல் ஆண்டு கிட்டத்தட்ட முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டார். நம் ஊருக்கு வருகிற பையனை, கூரை போடாத வீட்டில் குடியேற்றிவிட்டு மழை பெய்கிறதே என்று அவனையே திட்டுகிறோம்.

கூரை போட்டிருந்த ஒரு ஆண்டும் நமக்கு இருந்தது. 2021 ஜனவரி, பிட்ஸ்பர்க், 48-37. 26 ஆண்டுக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் வெற்றி. பயிற்சியாளருக்குக் கோவிட், நம்மைப் போலவே தன் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பிட்டோனியோவுக்கும் கோவிட். அவர் இடத்தில் ஆடியவரும் அடிபட்டுப் போக, சில நாட்களுக்கு முன்தான் அணிக்கு வந்திருந்த பிளேக் ஹான்ஸ் உள்ளே இறங்கினார். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில்தான் நம் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் அவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாராம். அன்று இரவு முழுவதும் மேஃபீல்டை ஒருவராலும் சாக் செய்ய முடியவில்லை. நாம் மேஃபீல்டின் ஜெர்சியை வாங்கினோம். பிளேக் ஜெர்சி வைத்திருக்கும் ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள்.

ஆகவே கேட்பது இதுதான். ஆறாவது இடத்தை விற்காதீர்கள் என்று கத்துவோம். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கப்போகும் ஐந்து பேரைக் கொண்டுவா என்று கத்துவோம். கடந்த சீசனில் அந்த வரிசை நின்ற லட்சணத்தைப் பார்த்தோம், பிட்டோனியோவுக்கும் வயதாகிவிட்டது. லெஃப்ட் டாக்கிளின் பெயரை அழைக்கும்போது, புரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தட்டுவோம். அடுத்த ஆண்டின் முதல் சுற்று அடுத்த ஆண்டுக்கே இருக்கட்டும். 0-16 தோற்ற ஆண்டில், 2018 ஜனவரிக் குளிரில், மைதானத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனோமே, அங்கே காதுமடல் விறைக்க என்னோடு நடந்தவர்களுக்குக் காத்திருப்பது ஒன்றும் புதிதல்ல.

ட்ராஃப்ட் ஏப்ரல் 23 வியாழக்கிழமை. அதுவும் பிட்ஸ்பர்க்கில், பகையாளி வீட்டுப் பந்தியில்தான் இந்த முறை நமக்கு இலை. வழக்கம்போல ஆறரை மணிக்கு வந்துவிடுங்கள். எலுமிச்சைச் சாதமும் வடையும் இருக்கும். காகிதத் தட்டு மட்டும் கிடையாது. எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் பேனா எழுதாது.

அன்புடன்,
அடித்தளத்துக்காரன்