அம்மா, இதுவும் நம்ம ஈசல் மாதிரிதான்

மசாகா, உகாண்டா

அம்மாவுக்கு,

நான் நல்லாருக்கேன். நேத்து போன்ல வெட்டுக்கிளி சாப்பிட்டேன்னு சொன்னதும் "அங்க சோத்துக்கு வழியில்லையாடா"ன்னு நீ அழுதுட்ட, லைன் வேற விட்டு விட்டு வந்துச்சு, ராத்திரி பூரா தூக்கமில்ல, அதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

சோத்துக்கு ஒரு கொறையும் இல்லம்மா. மத்தோக்கேன்னு பச்ச வாழக்காய இலையில சுத்தி ஆவியில வேகவச்சு பிசைஞ்சு, நெலக்கடலக் கொழம்பு ஊத்தித் தர்றாங்க, வயிறு நெறஞ்சிரும். பூச்சிய யாரும் பஞ்சத்துக்குத் திங்கல. கறிய விட வெல ஜாஸ்தி குடுத்து வாங்கித் திங்குறாங்க.

பேரு என்சேனேனே. மழையோட வருசத்துக்கு ரெண்டு தடவ வரும், ஏப்ரல் மே மாசம் ஒரு தடவ, நவம்பர் டிசம்பர்ல ஒரு தடவ. லுகாண்டா பாஷையில நவம்பர் மாசத்துக்குப் பேரே முசேனேனேதான், அப்ப எத்தன காலமா இது இவங்க சாப்பாடுன்னு பாத்துக்கோ. மசாகாவுல ராத்திரியானா மேடான எடமெல்லாம் பெரிய பெரிய பல்பு எரியும். பல்பச் சுத்தி புது தகர சீட்ட சாய்ச்சு நிறுத்தி, ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில ஒரு டிரம் வச்சிருவாங்க. பச்சப்புல்ல எரிச்சு பொக போடுவாங்க, வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி கிறங்கிப்போய் தகரத்துல மோதி வழுக்கி டிரம்முக்குள்ள விழும். தகரத்துல அது படுற சத்தம் நம்ம கொட்டகையில மழை அடிக்கிற மாதிரியே இருக்கு.

அதோட சேந்து செகப்பும் கறுப்பும் கலந்த ஒரு குட்டி வண்டும் வரும், ஒடம்புல வச்சு நசுக்கிட்டா தீஞ்ச மாதிரி கொப்புளிச்சிரும். பக்கத்து வீட்டுப் பையன் அங்க வேலைக்குப் போய் கழுத்து பூரா புண்ணோட வந்தான், பாக்கவே பாவமா இருந்துச்சு.

அவங்க அம்மாதான் எனக்கு சமைச்சுக் காட்டுனாங்க. றெக்கையும் காலும் கிள்ளி ரெண்டு தண்ணியில அலசி, காஞ்ச சட்டியில போட்டாங்க, எண்ணெயே ஊத்தல. கொஞ்ச நேரத்துல அதோட கொழுப்பே உருகி சடசடன்னு பொரியுது, பச்சையா இருந்தது பொன்னிறமாயிருச்சு, அப்புறம் வெங்காயம், உப்பு, ஒரு மொளகா. மொத ஒண்ண வாயில வச்சப்ப கண்ண மூடிக்கிட்டேன். மொறுமொறுன்னு, நெத்திலிய நல்லா வறுத்தா வருமே அந்த ருசியும் கொஞ்சம் கடல வாசமும். ரெண்டாவது நானே கைய நீட்டி எடுத்தேன்.

முன்னாடியெல்லாம் பொம்பளைங்க இதத் திங்கக் கூடாதாம், பொறுக்கிக் குடுத்தா புருசன் புதுசா கோமேசி எடுத்துக் குடுப்பானாம், அது இங்கத்த பொம்பளைங்க உடுத்துறது. ஒரு துணிய குடுத்து வாயக் கட்டிப்போட்டது எனக்குப் புடிக்கல. இப்ப எல்லாரும் திங்குறாங்க, நல்லது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மட்டும் தொடமாட்டார், அவர் கொலத்துப் பேரே என்சேனேனே, கொலத்துக்குப் பேரான உசுர அந்தக் கொலத்துக்காரங்க சாப்பிட மாட்டாங்க.

அம்மா, நம்ம அப்பத்தா மழ விட்ட ராத்திரி கண்மாய்க்கரை புத்துக்கிட்ட வெளக்கும் தண்ணிச் சட்டியும் வச்சு ஈசல் புடிச்சது ஞாபகம் இருக்கா? காய வச்சு, மொறத்துல பொடச்சு றெக்கைய ஊதிவிட்டு, பொரி அரிசியும் பொட்டுக்கடலையும் போட்டு வறுத்து என் டவுசர் பையில போட்டு விடும். ஏழாம் கிளாஸ்ல பசங்க கேலி பண்ணாங்கன்னு நான் அத வாய்க்கால்ல கொட்டிட்டு, தின்னுட்டேன்னு அப்பத்தாகிட்ட பொய் சொன்னேன். அது நம்பி மறுநாளும் ஒரு கை சேத்துப் போட்டுச்சு. இங்கயும் ஈசல் திங்குறாங்கம்மா, என்ஸ்வான்னு சொல்றாங்க, புத்துக்கிட்ட குச்சியால தட்டி மழ பெய்யிற மாதிரி சத்தம் குடுத்து வெளிய வரவைப்பாங்க. அந்த வறுத்த வாசம் மூக்குல ஏறுனதும் நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

காட்டையும் சதுப்பையும் அழிச்சதால பூச்சி வரத்தே கொறஞ்சிருச்சுன்னு இங்க பெரியவங்க வருத்தப்படுறாங்க. அதக் கேட்டதுலேர்ந்து நம்ம புத்து நெனப்பாவே இருக்கு. கண்மாய்க்கரையில அது இன்னும் இருக்கா, இல்ல ரோடு போட்டப்ப இடிச்சுட்டாங்களா? இருந்தா இந்த மழைக்கு ஈசல் கெளம்பும்போது ஒரு படி புடிச்சு அப்பத்தா பக்குவத்துல வறுத்து டப்பாவுல வையி, நான் தை மாசம் வர்றேன்.

உன் மகன்