சவுத்தாம்ப்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

மகள் வீட்டில் பொழுதே நகரவில்லை என்று போனில் புலம்பினீர்கள். கடற்கரைப் பக்கம் நடந்து போனபோது வெள்ளைச் சட்டைப் பெரியவர்கள் சிலர் புல்தரையில் குனிந்து குனிந்து உருண்டையை உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விளையாட்டாடா?" என்று கேலி வேறு. நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அது லோயர் கெனால் வாக்கும் பிளாட்ஃபார்ம் ரோடும் சந்திக்கும் மூலை. சரிதானே? அப்படியென்றால் நீங்கள் சிரித்துவிட்டு வந்தது சவுத்தாம்ப்டன் ஓல்ட் பௌலிங் கிரீனை, அதாவது பௌல்ஸ் என்கிற அந்த உருண்டை உருட்டும் ஆட்டத்துக்கான புல் மைதானத்தைப் பார்த்து. அந்தக் கதை மற்றவர்களுக்கும் பிடிக்கும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அங்கே 1299-லிருந்து ஆட்டம் நடப்பதாகச் சொல்கிறார்கள். நம்மூரில் பாண்டியர் ஆட்சி நடந்த காலம் அது. பக்கத்தில் காட்ஸ் ஹவுஸ் என்று ஒரு சத்திரம் இருந்தது. யாத்திரிகர்களுக்கும் ஏழைகளுக்குமாக 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வணிகர் கட்டியது. அந்தச் சத்திரத்துத் தலைவர் பொழுதுபோக்க வைத்திருந்த புல்வெளிதான் இது என்பார்கள். உலகிலேயே பழையது இதுதான் என்று சவுத்தாம்ப்டன்காரர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். செஸ்டர்ஃபீல்டுக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் தங்கள் மைதானம் 1294 என்று சண்டைக்கு வருவார்கள். ஐந்து வருஷ வித்தியாசத்துக்கு இவ்வளவு வீம்பு!

இவ்வளவு சாதுவான ஆட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தும் இருக்கிறார்கள். 1541-இல் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டத்தின்படி, கைவினைஞர்களும் கூலிக்காரர்களும் வேலையாட்களும் கிறிஸ்துமஸ் சமயம் தவிர பௌல்ஸ் ஆடக் கூடாது. அப்போதும் எஜமானர் வீட்டில், அவர் கண்ணெதிரேதான் ஆட வேண்டும். ஜனங்கள் இதில் இறங்கிவிட்டால் வில்வித்தைப் பழக்கம் போய்விடும் என்று அரசுக்குக் கவலை. வருஷம் நூறு பவுண்டு வருமானம் வரும் நிலம் வைத்திருந்தவருக்கோ, சொந்த மைதானத்தில் ஆட உரிமம் கிடைக்கும். பணக்காரர் கை வில்லைப் பற்றி மன்னருக்கு அவ்வளவாகக் கவலை இல்லை போல. அந்தத் தடை முழுக்க ஒழிந்தது 1845-இல்.

சரி, உங்களை நான் அங்கே அனுப்ப நினைப்பது வேறொரு விஷயத்துக்காக. 1776 ஆகஸ்ட் 1, அதாவது அமெரிக்கா விடுதலை அறிவித்த அதே கோடையில், இந்தக் கிளப்பில் 'நைட்ஹுட்' போட்டி தொடங்கியது. ஆட்டம் இப்படி: நைட்டுகள், அதாவது முந்தைய வருஷங்களில் இதை வென்றவர்கள், புல்லில் ஒரு காசை வைத்து, அதன்மேல் ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்தை வைப்பார்கள். ஆளுக்கு இரண்டு பந்து. நீங்கள் உருட்டிய பந்து நின்றதும் ஜாக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொண்டு, உடனே அதை எடுத்துவிடுவார்கள். வழக்கமான பௌல்ஸில் எதிராளியின் பந்தை இடித்துத் தள்ளிவிடலாம். இங்கே இடிக்க எதுவும் கிடக்காது. உங்கள் கையையும் புல்லையும் மட்டுமே நம்பி உருட்ட வேண்டும். பந்தும் நேராகப் போகாது. ஒரு பக்கச் சாய்வோடு செய்யப்பட்டிருப்பதால் வேகம் குறையக் குறைய வளையும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஜாக்குக்கு மிகக் கிட்ட வந்தவருக்கு ஒரு புள்ளி. யார் முதலில் ஏழு எடுக்கிறாரோ அவர் வென்றவர். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் 20 பேர் ஆடினால் கணக்குப்படி 121ஆவது சுற்று வரைகூட இழுக்கலாம்.

வென்றவர் அன்றிலிருந்து கிளப்பில் 'சர்'. அரண்மனை கொடுத்ததில்லை, கிளப்பே கொடுப்பது. கழுத்தில் பதக்கமும் உண்டு, ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி. அப்புறம்தான் விஷயம்: அதற்குப் பிறகு அவர் அந்தப் போட்டியில் ஆடவே முடியாது! உயரத் தொப்பியும் வால் வைத்த கோட்டும் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பந்தை அளக்கிற நைட்டுகளில் ஒருவராகிவிடுவார். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். திறமைசாலி ஒருவரே வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்? இங்கே இந்த வருஷம் தோற்றவருக்கு அடுத்த வருஷம் ஒரு பலசாலி குறைவு. போட்டி இருநூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பழைய புல்லைவிட இந்த விதிதான் காரணம் என்பது என் கட்சி.

கிழவர்கள் ஆட்டம் என்று இன்னமும் நினைத்தால், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியை ஞாபகப்படுத்துகிறேன். நம் இந்தியப் பெண்கள் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்களே, அது இதே ஆட்டம்தான்.

நைட்ஹுட் நடப்பது ஆகஸ்ட்டில். அதுவரை அங்கேதானே இருப்பீர்கள்? வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். யாராவது உள்ளே கூப்பிட்டால் அந்த முரட்டு வாக்கிங் ஷூவோடு புல்லில் ஏறிவிடாதீர்கள். அடி தட்டையான ஷூதான் அங்கே வழக்கம். ஸ்வேதாவிடம் சொல்லி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்