தபால் நிலையத்தைத் தாண்டி நடந்தவன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளின் சங்கு முத்திரையில் உள்ள நுண்ணிய கோடுகள் மறுபடியும் தெளிவாகத் தெரிகின்றன என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்குக் கண்ணைவிடப் பெரிய சொத்து வேறென்ன இருக்கிறது?

கடிதத்தின் கடைசியில், நான் சேகரிக்கும் அமெரிக்கத் தனியார் தபால்தலைகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அரசாங்கம் வெளியிடாத, யாரோ ஒரு கடைக்காரர் தம் இஷ்டத்துக்கு அச்சடித்துக்கொண்ட துண்டுத்தாளைத் தபால்தலை என்று எப்படிச் சொல்வது, அதற்காக ஏன் இத்தனை ஆண்டுகளைச் செலவிடுகிறீர்கள் என்பது அந்தக் கேள்வி. நெடுநாளாக உங்கள் மனத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

1840களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடிதம் எழுதுவது செலவு மிகுந்த காரியமாக இருந்தது. தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒரே ஒரு தாள் அனுப்பப் பதினெட்டே முக்கால் சென்ட் ஆயிற்று. பெரும்பாலும் அதைக் கொடுக்கும் சுமை கடிதத்தைப் பெறுபவர் தலையில்தான் விழுந்தது. கடிதம் வீடு தேடி வருவதும் வழக்கமில்லை. தபால் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து வாங்க வேண்டும், சேவகர் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குத் தனிக் காசு. அரசு கவனிக்காமல் விட்ட இந்த இடத்தில்தான் தனியார் புகுந்தார்கள்.

ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் கொண்டுசென்ற இங்கிலாந்தின் பென்னித் தபால் முறையை அறிந்திருந்த ஹென்றி தாமஸ் வின்ட்சர் என்ற லண்டன் வணிகர், அலெக்ஸாண்டர் கிரெய்க் என்பவரை முன்னிறுத்தி, 1842 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் ‘சிட்டி டெஸ்பாட்ச் போஸ்ட்’ என்ற நகரத் தபாலைத் தொடங்கினார். அவர்கள் வெளியிட்ட மூன்று சென்ட் தலைதான் அமெரிக்காவின் முதல் ஒட்டும் தபால்தலை. கறுப்பு மையில் அச்சான அந்தத் தலையில் வாஷிங்டனின் உருவம் இருக்கும். அமெரிக்க அரசு தன் முதல் பொதுத் தபால்தலைகளை வெளியிட்டது 1847 ஜூலையில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு விடையும் இந்தத் தலையிலேயே இருக்கிறது. கிரெய்க்கின் ஆட்கள் இதன்மேல் ஒரு சிறிய கட்டத்துக்குள் ‘ஃப்ரீ’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் குத்தினார்கள். கட்டணம் முன்பே செலுத்தப்பட்டுவிட்டது, பெறுபவர் எதுவும் தர வேண்டியதில்லை என்பது அதன் பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு இந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. கிரெய்க்கையும் அரசுக் கடிதச் சேவகராக அமர்த்திக்கொண்டது. தலையை உடனே மாற்றவில்லை. அதே வாஷிங்டன், அதே அச்சு; முத்திரையில் மட்டும் ‘யு.எஸ்.’ என்ற எழுத்துகள் வந்தன. ஆகவே ஒரே தலை ஜூலையில் தனியாருடையது, செப்டம்பரில் அரசாங்கத்துடையது. இதில் எதைத் தபால்தலை என்போம், எதைத் துண்டுத்தாள் என்போம்? கடிதத்தைச் சுமந்து சென்று உரியவர் கையில் சேர்த்த எதுவும் தபால்தலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நகரங்களுக்கு இடையில் கடிதம் கொண்டுசென்ற நிறுவனங்கள் வேறு வகை. அவற்றில் லைசாண்டர் ஸ்பூனர் 1844இல் தொடங்கிய அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனி மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. தபால் நிலையங்களை அமைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறதே ஒழிய மற்றவர்களைத் தடுக்கவில்லை என்று அவர் வெளிப்படையாக வாதாடினார். கழுகு பொறித்த அவருடைய தலையில் ‘ஒரு டாலருக்கு இருபது’ என்று விலையையே அச்சடித்திருந்தார். அப்படியானால் தலைக்கு ஐந்து சென்ட். அரசின் பதினெட்டே முக்கால் சென்ட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்த வியாபாரிகள் யாரிடம் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1845இல் அரசு தன் கட்டணத்தை முந்நூறு மைல் வரை ஐந்து சென்ட்டாகக் குறைத்தது. அதே சட்டத்தால் நகரங்களுக்கு இடையிலான தனியார் தபால்களையும் மூட வைத்தது. ஒரு நகரத்துக்குள் மட்டும் இயங்கியவை தப்பிப் பிழைத்தன.

அப்படிப் பிழைத்தவற்றுள் எனக்கு நெருக்கமானது ஃபிலடெல்ஃபியாவின் ‘பிளட்ஸ்’ தபால். சென்ற மாதம் மகளுடன் அந்த நகரத்துக்குப் போயிருந்தபோது, மெர்ச்சன்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் முன்னால் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். அரைவட்டமாக வளைந்த தூண் வரிசையும் மேலே சிறு கோபுரமுமாக அது இன்னும் கம்பீரமாக நிற்கிறது. பிளட்ஸ் நிறுவனத்தின் தொடக்ககாலத் தலை ஒன்றில், தோளில் கடிதப் பையுடன் ஒரு தூதன் இந்தக் கட்டடத்தையே ஒரே எட்டில் தாண்டி நடக்கிறான். கட்டடம் அவன் முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை. பல ஆண்டுகள் இந்தப் படத்தை வெறும் அழகுக்காக வரைந்தது என்றே எண்ணியிருந்தேன். அந்தக் காலத்தில் நகரத்தின் அரசுத் தபால் நிலையம் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது என்று பின்னால் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டைவிரல் நகத்தளவு தாளில் எவ்வளவு துணிச்சலான அறைகூவல்!

என்னிடம் இருக்கும் பிளட்ஸ் உறையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனா என்பது நினைவில்லை. பளபளப்பான கறுப்புத் தாளில் வெண்கல நிறத்தில் அச்சான சிறிய தலை இடப்பக்கம். அரசின் மூன்று சென்ட் சிவப்பு வாஷிங்டன் வலப்பக்கம். அனுப்பியவர் ஒரு சென்ட் கொடுத்துத் தம் தெருவிலிருந்து தபால் நிலையம் வரை பிளட்ஸ் வழியாகவும், அங்கிருந்து வெளியூருக்கு அரசு வழியாகவும் அனுப்பியிருக்கிறார். கறுப்புத் தாளில் மை தெரியாது என்பதால் பிளட்ஸ்காரர்கள் அமிலத்தால் தலையைச் செல்லாததாக்கினார்கள். சாய்வான வெளிச்சத்தில் உறையைப் பிடித்தால், அமிலம் பட்ட கோட்டில் மட்டும் வெண்கலம் மங்கி, தாள் லேசாகச் சுருங்கியிருப்பது தெரியும். தலையைத் தாண்டி உறையின் மேலும் அந்தக் கறை ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது. அந்த நூலளவுக் கறைதான் தலையும் உறையும் பிறந்தது முதல் ஒன்றாக இருந்தவை என்பதற்குச் சாட்சி. அதனால்தான் உதிரித் தலைகளை வாங்குவதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன்.

விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் உலக உருண்டைமேல் கழுகு அமர்ந்திருக்கும் நியூயார்க்கின் ‘பாய்ட்ஸ்’ நகரத் தபாலின் தலை ஒன்றை ஒரு வியாபாரியிடம் நல்ல விலைக்கு வாங்கினேன். நிபுணர்களின் சான்றிதழுக்கு அனுப்பியபோது போலி என்று திரும்பி வந்தது. பணம் போனதைவிட, அதை ஆல்பத்தில் வைத்து இரண்டு ஆண்டுகள் மகிழ்ந்திருந்தேனே என்பதுதான் வலித்தது. பிறகு அசலின் பெரிதாக்கிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கழுகின் இறகுகள் அசலில் தனித்தனியாகப் பிரிந்திருந்தன, என்னுடையதில் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பியிருந்தன.

இந்தத் துறையில் போலிகள் இவ்வளவு மலிந்ததற்குக் காலமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத் தெருக்களும் அஞ்சல் பாதைகளே, ஆகவே அவற்றில் கடிதம் கொண்டுசெல்லும் உரிமை தனக்கே என்று அரசு 1860இல் அறிவித்ததை எதிர்த்து பிளட்ஸ் நிறுவனம் நீதிமன்றத்தில் வென்றது. ஆனால் 1861 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றி நகரத் தபால்களின் வாயிலை அடைத்தது. தபால்தலை சேகரிக்கும் ஆர்வம் அமெரிக்காவில் பரவியதோ சரியாக அதே ஆண்டுகளில். சேகரிப்பவர்கள் தேடி வந்தபோது தலைகள் இல்லை. நியூயார்க்கில் சொந்தமாகத் தபால் நடத்திய ஜார்ஜ் ஹஸ்ஸியே மற்ற நிறுவனங்களின் தலைகளை மறுபடி அச்சடித்தும் நகலெடுத்தும் விற்றார். பாஸ்டனில் இருந்த சாமுவேல் ஆலன் டெய்லர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருபோதும் இருந்திராத தபால் நிறுவனங்களைக் கற்பனை செய்து அவற்றுக்குத் தலை அச்சடித்தார். இன்று அந்த ஹஸ்ஸி நகல்களையும் டெய்லரின் பொய்த் தலைகளையும் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பொய்யை நன்றாகப் பழகாமல் மெய்யை அடையாளம் காண முடியாது என்பதை அந்தக் கழுகு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை இன்னும் ஆல்பத்தில் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பிளட்ஸ் உறையின் இரு பக்கங்களையும் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். அமிலக் கோட்டைத் தனியாகப் பெரிதாக்கியும் எடுத்திருக்கிறேன். உங்கள் புதிய கண்ணால் பார்த்து, அந்தக் கறை உறைத்தாளின் இழைக்குள் இறங்கியிருக்கிறதா அல்லது மேலாகப் படிந்திருக்கிறதா என்று உங்கள் கருத்தை எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உங்கள்,
பழைய நண்பன்