புரோநோட்டின் கெடுவை முகாமில் சொல்லுங்கள்

தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு,

வணக்கம். நான் வக்கீல் குமாஸ்தா. உங்கள் வட்டக் குழுக்கள் நடத்தும் சட்ட விழிப்புணர்வு முகாம்களில் புரோநோட்டை (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) வைத்து வழக்குப் போடும் காலக்கெடுவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நோட்டோடு வருகிறவர்களில் பலர், "போன மாசம்தான் கேட்டேன், தர முடியாதுன்னுட்டான்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்ட நாளிலிருந்து கணக்கு ஓடுவதாக நினைப்பு. 'கேட்கும்போது தருகிறேன்' என்று எழுதிய நோட்டுக்கு, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்தே மூன்று வருடம். 10.6.2022 தேதியிட்ட நோட்டுக்கு 10.6.2025க்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கடைசி நாள் மே விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் அன்றே தாக்கல் செய்துவிட வேண்டும். நடுவில் அனுப்பிய வக்கீல் நோட்டீஸோ, ஊர்ப் பஞ்சாயத்தோ, ஸ்டேஷனில் கொடுத்த மனுவோ ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது. எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி கோர்ட்டே தள்ளுபடி செய்தாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு முதன்முதலில் போடும் அசல் வழக்குக்குக் கிடையாது.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கெடுவுக்குள் கடன் வாங்கியவர் ஆயிரம் ரூபாய் கொடுத்து, அங்கே வரவு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டால், பணம் கொடுத்த அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். வட்டியை ரொக்கமாக வாங்கித் தன் டைரியில் மட்டும் குறித்துக்கொள்கிறவர்கள்தான் மோசம் போகிறார்கள். கொடுத்தவர் கையெழுத்தில்லாத குறிப்பு கெடுவை நீட்டாது.

செக் திரும்பினால் கணக்கே வேறு. பாங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டலாம், நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி இல்லை.

கடன் வாங்கியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். கெடு தாண்டிய நோட்டைக் காட்டி மிரட்டிப் புது நோட்டு எழுதி வாங்கும் கந்துவட்டிக்காரர்கள் உண்டு. பழைய பாக்கியைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)ஆவது பிரிவின்படி அது செல்லுபடியாகும் ஒப்பந்தம். மிரட்டி வாங்கியதென்றால் அதை நிரூபிக்கும் பாடு கையெழுத்துப் போட்டவருக்கு. பேனாவைத் தொடும் முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லி, உங்கள் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா