எண் குறைந்ததற்கா இந்த அழுகை?

கண்ணம்மா,

நேற்று போனில் "எல்லாம் போச்சுப்பா" என்றாயே, அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாடுபட்டுச் செய்த, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த நுண்துளைப் பாலிமரில், கந்தகம் கொண்ட சல்போனிக் அமிலத் தொகுதியை ஏற்றியதும் துளைச் சுவர்களின் பரப்பளவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, அவ்வளவுதானே?

சரி, அது கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற கணக்கு என்பதை மறக்காதே. பாலிமரில் இருக்கும் பென்சீன் வளையத்தையே எடுத்துக்கொள், பென்சீனின் மூலக்கூறு எடை 78, ஒரு சல்போனிக் தொகுதி ஏறினால் 158. வளையத்துக்கு ஒன்று என்று ஏறியிருந்தால், எடை கூடியதாலேயே, ஒரு துளைகூட அடைபடாமலே எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். மீதிக் குறைவு, தொகுதிகள் துளைக்குள் இடம் பிடித்ததால் வந்திருக்கலாம், அங்கே இருக்கட்டும் என்றுதானே ஏற்றினாய்! 2011இல் வந்த, பிபிஎன்-6 என்ற நுண்துளைப் பாலிமர் பற்றிய ஆய்வை எடுத்துப் பார், அதே சல்போனிக் தொகுதியால் கிராமுக்கு 4023 சதுர மீட்டர் என்பது 1254 ஆகச் சரிந்தது, ஆனால் குறைந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது கூடியது. 2014இல் பிஏஎஃப்-1 என்ற இன்னொரு நுண்துளைப் பாலிமரில், கந்தகம் கொண்ட தயால் தொகுதியை வைத்தவர்கள் தண்ணீரில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) இருந்த பாதரசத்தை 0.4 பிபிபி (நூறு கோடியில் அரைப் பங்குக்கும் குறைவு) வரை இறக்கினார்கள். வெறும் துளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கந்தகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் பாதரசத்தின் குணம்தான் அதைச் செய்தது.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். கழுவிவிட்டு ஈரத்தோடு அப்படியே வெற்றிடத்தில் சூடாக்கினாயா? வலைப்பின்னல் கொஞ்சம் இளகலாக இருந்தால், வெளியேறும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் துளைச் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்துவிடும். மெத்தனாலில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரை வெளியேற்றி, அப்புறம் ஹெக்சேனுக்கு மாற்றி, மெதுவாக உலர்த்தி மறுபடி அளந்து பார்.

அடுத்து, வினையூக்கியாக்க அதில் பல்லேடியம் உலோகத்தை ஏற்றப்போவதாகச் சொன்னாய். ஐந்து முறை திரும்பப் பயன்படுத்தினேன், ஒவ்வொரு முறையும் விளைச்சல் 99 சதவீதம் என்று படம் போட்டுவிட்டு நிறுத்திவிடாதே கண்ணு. வினை முழுதும் முடிந்த பிறகு அளந்தால், பாதி செத்த வினையூக்கியும் நல்லதாகவே தெரியும், முதல் சில நிமிடங்களின் வேகத்தை ஒப்பிடு. பாதியில் சூடாகவே வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்றும் பார். ஆறவிட்டால், கரைந்து வந்த உலோகம் திரும்பப் போய்ப் பாலிமரிலேயே ஒட்டிக்கொண்டு உன்னை ஏமாற்றிவிடும்.

பரப்பளவைக் கணக்கிட எடுத்த நைட்ரஜன் வளைகோடு இரண்டையும், ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தது, இன்று ராத்திரியே அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அப்பா