பாப்பாவுக்கு, அட்ரஸ கீழ இருந்து படி

பாப்பா,

உங்கம்மா நேத்து ராத்திரிதான் வாய தொறந்தா. போலி கிரிப்டோ சைட்ல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் போயி ரெண்டு மாசம் ஆச்சாம், அப்பாகிட்ட சொன்னா திட்டுவாருன்னு மறைச்சிட்டியாம். திட்ட எனக்கு என்னம்மா யோக்கியதை இருக்கு, 94ல தேக்கு மரம் வளத்து தர்றோம்னு ஒருத்தன் வந்தப்ப உன் காதுகுத்துக்கு வச்சிருந்த காச கொண்டுபோயி கட்டினவன் நான், இன்னிவரைக்கும் மரமும் வரல, ஒரு இலை கூட வரல.

நீ அம்மாவுக்கு அனுப்பின லிங்க்க நான் தொடல, கண்ணால மட்டும் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சிருச்சு. 33 வருசம் ஆர்எம்எஸ்ல, அதான் ரயில் தபால்ல, லெட்டர் பிரிச்சு சார்ட்டிங் பண்ணவன்ல. லெட்டர் கைக்கு வந்தா பேரையா படிப்போம்? மொதல்ல கீழ பின்கோடு, 6ல ஆரம்பிச்சா ஒண்ணு நம்ம பக்கம், இல்லன்னா கேரளா, அப்புறம் ஊரு, தெரு, ஆளு பேரு கடைசி. வெப்சைட் அட்ரஸும் அதே கததான். டாட் காமுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிற பேருதான் ஊரு, அதுக்கும் முன்னாடி இருக்கறதெல்லாம் அவன் இஷ்டத்துக்கு வச்சிக்கறது. உன் லிங்க்ல கிரிப்டோ வாங்கி விக்கற எக்ஸ்சேஞ்ச் பேரு மொதல்ல ஜோரா நிக்குது, ஊரு பேரு எவனோ வாங்கினது.

காயின்பேஸ்னு ஒரு அமெரிக்க எக்ஸ்சேஞ்ச், அதோட கேஸ் தெரியுமா? அப்ப நெஜ சைட்டு ப்ரோ டாட் காயின்பேஸ் டாட் காம். 2021லேருந்து ஒரு கும்பல் காயின்பேஸ்ப்ரோ டாட் காம்னு போட்டு உக்காந்துச்சு. ஒரு புள்ளிய எடுத்துட்டு வார்த்தைய இடம் மாத்தினான், அவ்ளோதான், 2 கோடி டாலருக்கு மேல அள்ளிட்டான். அதுல ஒருத்தன் நம்ம நாட்டுக்காரன், 2023 டிசம்பர்ல அட்லாண்டா ஏர்போர்ட்ல புடிச்சாங்க, அடுத்த வருசம் 5 வருசம் ஜெயில் போட்டாங்க. பைனான்ஸ்னு (Binance) இன்னொரு எக்ஸ்சேஞ்ச், அது பேருல வந்த போலி சைட்டு இன்னும் மோசம், ரெண்டு 'என்' எழுத்துக்கும் கீழ துளியூண்டு புள்ளி, ஸ்க்ரீன்ல தூசி விழுந்த மாதிரி. அத நம்பி உள்ள போனவங்க அக்கவுண்ட்டையெல்லாம் புடிச்சு வச்சிக்கிட்டு சத்தமில்லாம காத்திருந்து 2018 மார்ச் 7ஆம் தேதி தன்கிட்ட இருந்தத வெலைய ஏத்தி விக்க, அந்த அக்கவுண்ட்டுங்கள வச்சு ஒரே அடியா வயாகாயின்னு ஒரு கிரிப்டோவ வாங்கித் தள்ளினானுங்க, எக்ஸ்சேஞ்ச் பணம் வெளிய போறத நிறுத்திட்டதால திருடன் போட்ட காசே உள்ள மாட்டிக்கிச்சு. அத படிச்சப்ப சிரிச்சேன், உண்மைய சொல்றேன்.

ஓடிபி போட்டேனே அப்புறம் எப்படின்னு கேட்டியாம். நீ போலி சைட்ல அடிக்க அடிக்க அவன் அத அப்படியே நெஜ சைட்ல அடிக்கறான், ஓடிபி அவன் கேட்டதால உனக்கு வந்தது. பூட்டு படம் இருந்துச்சேன்னும் சொன்னியாம், பூட்டு திருடன் வீட்லயும்தான் தொங்கும், குரோம்காரனே 2023ல அந்த படத்த எடுத்துட்டான். கூகுள்ல தேடினா மொத வரியில விளம்பரமா வர்றதயும் நம்பாத, அந்த எடத்த காசு குடுத்தா எவன் வேணா வாங்கலாம்.

பக்கத்து வீட்டு தம்பிய கூட்டிட்டு வந்து அந்த சைட்டு என்னிக்கு வாங்கினதுன்னு பாத்தோம், உன் காசு போறதுக்கு 11 நாளைக்கு முன்னாடி. கூகுள்ல போலி சைட்ட ரிப்போர்ட் பண்ற பக்கம் இருக்கு, அதுல போட்டுவிட்டோம், மறுநாள் சாயங்காலம் திறந்தா செவப்பா எச்சரிக்கை வருது. தப்பான பையில போன ரிஜிஸ்டர் லெட்டர வண்டி கிளம்பறதுக்குள்ள புடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

நீ இன்னிக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடு, லேட்டாயிருச்சுன்னு விடாத, ஆபீஸ்ல யாருக்கும் தெரியப்போறதில்ல. காசு திரும்புறது கஷ்டம்தான், கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச விட்டு வெளிய போயிட்டா பேங்க் மாதிரி நிறுத்த ஆள் கிடையாது. இன்னொண்ணு, போன காச மீட்டு தர்றோம் ஃபீஸ் கட்டுங்கன்னு எவனாவது கூப்புடுவான், அவனும் அதே பயலாத்தான் இருப்பான், வச்சிரு போன.

முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சல் கட்டி வச்சிருக்கேன். நீ எழுதி அனுப்பின புனே அட்ரஸ்ல பின்கோடு கடைசி நம்பரு 1ஆ 7ஆன்னு தெரியல, ஆர்எம்எஸ்காரன் பொண்ணு எழுதற கையெழுத்தா இது, போன் பண்ணி சொல்லு, அப்புறம்தான் அனுப்புவேன்.

அப்பா