தலைப்பில் ஒரு கேள்விக்குறி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்து ஊர்க் கிணற்றில் இளைஞர் ஒருவர் பிணமாக மிதந்த செய்திக்கு, சென்ற வாரம் ‘அடித்துக் கொலையா?’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். காலையில் பேப்பர் வந்துவிட்டது, பி.எம். என்கிற பிரேதப் பரிசோதனை மதியத்துக்கு மேல்தான் நடந்தது. டீக்கடையில் படித்தவர்கள் யாரும் அந்தக் கேள்விக்குறியைப் படிக்கவில்லை.

நான் காவல் துறையில் 31 வருடம் இருந்தவன். பிணத்தோடு வண்டியில் போய், டாக்டரிடம் ஒப்படைத்து, அறுத்து முடித்ததும் துணிமணியையும் சீல் வைத்த பாட்டில்களையும் வாங்கி வருகிற டூட்டி எனக்குத்தான் அடிக்கடி விழும். யாரும் கேட்டு வாங்கும் டூட்டி இல்லை அது.

1992-ல், நம் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்தபோது, ஒடுகத்தூர் பக்கம் இதே மாதிரி ஒரு கிணறு. முந்தின நாள் காணாமல் போனவர் மிதந்தார். பின்மண்டையில் காயம். உதடும் கண் இமையும் பிய்ந்திருந்தன. பங்காளியோடு வரப்புத் தகராறு வேறு. பிரேத விசாரணைக்கு உட்கார்ந்த பஞ்சாயத்தார் ஐந்து பேரும் கொலை என்றே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் உடனே கத்தியைத் தொடவில்லை. வாயோரம் இருந்த வெள்ளை நுரையைப் பஞ்சால் துடைத்துவிட்டு நெஞ்சை லேசாக அழுத்தினார். சோப்பு நுரை மாதிரி மறுபடியும் பொங்கி வந்தது. அப்புறம் இறுகியிருந்த வலது கையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு கொத்துப் பாசி. “செத்தவன் கையில நாம திணிச்சா இப்படிப் பிடிக்காதுய்யா” என்றார். உதட்டில் ரத்தக்கட்டே இல்லை, அது செத்த பிறகு மீனும் நண்டும் கடித்தது. மண்டையில் மட்டும் ரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது பட்ட அடி, ஆனால் எலும்பு உடையவில்லை. அடித்தார்களா, விழுந்ததில் பட்டதா? அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “கிணத்துல படி உண்டா? அவன் எதுக்கு இறங்கினான்?”

எங்கள் எஸ்.ஐ.க்கு அது உறைத்தது. மறுநாள் தண்ணீரை இறைத்தோம். அடியில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் இரண்டு போல்ட்டு கழற்றியிருந்தது. நாலாவது படியில் ஒரு முழத்துக்குப் பாசி வழித்துக்கொண்டு போயிருந்தது.

டாக்டர் ‘நீரில் மூழ்கி மூச்சடைத்து இறப்பு’ என்றுதான் எழுதுவார். வழுக்கினாரா, குதித்தாரா, தள்ளினார்களா என்பதை உடம்போடு கிணற்றையும் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். மார்பெலும்பும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும்கூட கோர்ட் கடிதத்தோடு மெட்ராஸ் ஆய்வகத்துக்குப் போயின. உயிரோடு மூழ்கியவருக்கு, தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கும். எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, எங்களுக்குக் கிடைத்தது. அறிக்கை வர நாலு மாதம். அதுவரை அந்தப் பங்காளி ஊருக்குள் தலைகாட்டவில்லை.

கட்டுவிரியன் கடி இன்னும் மோசம். வீக்கம் இருக்காது, பல் தடம் தெரியாமலும் போகும். தரையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். இறந்தது கல்யாணமாகி ஏழு வருடம் ஆகாத மருமகள் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் வரும். மாமியார் விஷம் வைத்தாள் என்று அதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

இந்த மாதிரி சாவுகளை விசாரிக்கும் சட்டப் பிரிவை முன்பு 174 என்றோம், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194 என்கிறார்கள். பெரும்பாலும் எண்தான் மாறியிருக்கிறது. ‘சந்தேக மரணம்’ என்று வழக்குப் பதிவானால் அப்படியே போடுங்கள், போதும்.

நீங்கள் எழுதிய பையனின் பெரியப்பா மூன்று நாளாகப் பால் ஊற்ற சொசைட்டிக்கு வரவில்லை. ஆய்வக அறிக்கை வந்ததும், எதுவாக இருந்தாலும், அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்,
குடியாத்தம்.